அரிசி மாவும் இரண்டு முகமும்

பியூட்டி பார்லரின் பின்னறையில் தங்கி, அரிசி மாவு அரைத்துச் சலிப்பது அவள் வேலை. துணியில் மூன்று தடவை சலிக்க வேண்டும். குருணை நின்றால் தோலைக் கீறிவிடும். அதைத் தயிரில் குழைத்து ஊரார் முகத்துக்கெல்லாம் அவள்தான் பூசுவாள். வருகிறவர்கள் அவளைக் 'கருப்பி' என்பார்கள். செல்லமாகத்தானாம். அந்தச் செல்லத்தைக் கொண்டுபோய் உடைப்பில் போட.

ஒருநாள் முதலாளியம்மா, "புது போஸ்டர் போடறோம். முப்பது நாள் நீயும் பூசு. உன்னைத்தான் போட்டோ எடுக்கப் போறேன்" என்றாள்.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. விருந்தாளி வந்தால் அவளை உள்ளறைக்குத் துரத்தும் அம்மாவுக்குத்தான் முதல் போன். முப்பது நாளும் விடாமல் பூசினாள். நிறம் என்னவோ அதே நிறம்தான். ஆனால் கன்னம் வழவழவென்று மின்னியது. தன்னைத் தனக்கே பிடித்துப்போயிற்று, பாவம்.

போட்டோவன்று முதலாளியம்மா முகம் சுளித்தாள்.

"என்னடி இப்படிப் பளபளன்னு வந்து நிக்கிறே? சலிக்காத மாவை எடுத்து நல்லாத் தேச்சுட்டு வா."

"திட்டுத் திட்டா சிவந்துடும் மேடம்."

"சிவக்கட்டும். பூசறதுக்கு முந்தின முகம் வேற எப்படி இருக்கும்? பூசினதுக்குப் பிந்தின முகத்துக்கு என் பொண்ணு வர்றா. அவளுக்கும் உன் ஜாடைதான், நிறம்தான் வெள்ளை."

"முப்பது நாள் பூசினேனே மேடம்?"

"பூசினே. வெளுத்தியா?"

வேலை போனால் தங்க இடமும் போகும். குருணையை அள்ளித் தன் கன்னத்தில் தானே தேய்த்தாள்.

மறுவாரம் அம்மா பக்கத்து வீட்டுக்காரியோடு பஸ் ஏறி வந்தாள். பார்லர் வாசல் போஸ்டரில் இருந்த இரண்டு முகத்தில் வெள்ளை முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"பாரு, என் பொண்ணு!"

பெற்றவளுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். தெரிந்துகொள்ள அவளுக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

மாவுக் கிண்ணத்தோடு மகள் வெளியே வந்தாள். கன்னத்தில் கீறல் இன்னும் ஆறவில்லை. அம்மாவின் முகம் செத்துவிட்டது.

"இவ்வளவு அழகா ஆகியிருந்தியேடி! அதுக்குள்ள எல்லாத்தையும் கெடுத்துக்கிட்டு நிக்கிறியே. பூசறதை விட்டுட்டியா?"

மகள் வாயைத் திறப்பதற்குள் முதலாளியம்மா முந்திக்கொண்டாள்.

"நல்லாக் கேளுங்கம்மா. சுத்த சோம்பேறி."

அம்மா பக்கத்து வீட்டுக்காரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மகளைத் திரும்பியும் பாராமல் படியிறங்கினாள். உள்ளே ஒருத்தி முகத்தைக் கழுவிவிட்டுக் காத்திருந்தாள். இவள் மாவைக் குழைத்துக்கொண்டு போனாள்.