பதினைந்து, இருபத்தொன்று

குழாயைத் திருப்பும் இரும்பு எல்போக்கள் ஆறையும் துணிப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆர்லெத் செருப்பை மாட்டியபோது, கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவுக்குச் சாமியார் வந்து, சாகிறவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டுப் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் பெற்ற மகள் பையோடு கடைத்தெருவுக்குக் கிளம்பினால் ஊர் வாய் சும்மா இருக்குமா?

"எங்கம்மா கெளம்பிட்ட?" என்றார் பிரான்சுவா சித்தப்பா.

"காதர் பாட்சா கடைக்கு. இந்தா வந்துடுறேன் சித்தப்பா."

பைப் கடைக்கா என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. அவள் நிற்கவில்லை. நாலு நாளாகவே அப்படித்தான். உட்கார்ந்த இடத்தில் இருக்க முடியாமல் அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

அவளுடைய அப்பா சார்ல், பிரெஞ்சுப் பட்டாளத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்து பென்ஷனோடு காரைக்காலுக்குத் திரும்பியவர். கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தெரியாத மனிதர். கொல்லைக் கொட்டகையில் ஒரு பழைய கம்ப்ரசரை நிறுத்தி, சைக்கிள்களுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தார். ரப்பர் குழாய் காலைத் தட்டுகிறது என்று சுவரோரமாக இரும்புக் குழாய் ஓட்டி, மூன்று இடத்தில் காற்றுப் பிடிக்க ஏற்பாடு. பிளாஸ்டிக் மலிவாச்சே என்று எல்லோரும் சொன்னார்கள். பிளாஸ்டிக்கில் தண்ணீர் விட்டால் ஒழுகும், காற்று விட்டால் வெடிக்கும் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். குழாய் வந்தது, முனைகளில் மரை வெட்டியாயிற்று. மூலைகளில் திருப்ப எல்போ ஆறு வேண்டும். ஆர்லெத்தை அனுப்பினார்.

வினை அங்கேதான் பிடித்தது. சார்ல் பேசுவதெல்லாம் தமிழ், எண்ணுவது மட்டும் பிரெஞ்சு. பட்டாளத்தில் குழாயை இரட்டை எண்ணில் சொல்வார்களாம்: கேன்ஸ், வேன்த்தேயன். உள்ளே பதினைந்து மில்லி, வெளியே இருபத்தொன்று. கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆர்லெத் முதல் எண்ணைக் கோட்டை விட்டாள். இருபத்தொரு மில்லி என்று மட்டும் சொன்னாள். காதர் பாட்சா குழாய்களின் துவாரத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்து, எதற்கு இருபத்தொன்று வந்ததோ அந்த முக்கால் இஞ்சுக்கான எல்போவைக் கொடுத்துவிட்டார். வேண்டியது அரை இஞ்சு.

குழாய் முனையில் வைத்ததும் எல்போ தொளதொளவென்று ஆடியது. ஒரு சின்ன வேலைக்குக்கூட லாயக்கில்லை என்று அப்பா கத்தினார். அவளும் விடவில்லை. "ஒங்க பட்டாளத்துக் கணக்கு இங்க யாருக்குப் புரியும்? நீங்களே போயி வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டாள். சித்திரை மாதத்து உச்சி வெயிலில் அவர் சைக்கிளை எடுத்தார். தெருமுனையைத் தாண்டவில்லை.

ஒரு பக்கம் இழுத்துவிட்டது, பேச்சு நின்றது. நேற்று ஆஸ்பத்திரியில் வீட்டோடு வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். இன்று விடிந்ததிலிருந்து அந்த வாயில் குழறிக் குழறி வந்தது இரண்டே எண்கள்தான். கேன்ஸ். வேன்த்தேயன்.

அது சர்வே நம்பர் என்றார் சித்தப்பா. பதினைந்து பை இருபத்தொன்று. அண்ணன் வரிச்சிக்குடிப் பக்கம் யாருக்கும் தெரியாமல் நிலம் வாங்கிப் போட்டிருக்கிறார், சாகும்போது சொல்லிவிட்டுப் போகப் பார்க்கிறார். அது குழாய் அளவு என்று ஆர்லெத் சொல்லிப் பார்த்தாள். உயிர் போகிற நேரத்தில் எவனாவது குழாயை நினைப்பானா என்று அவர் அவளை அடக்கிவிட்டார்.

தன் அப்பா நினைப்பார் என்று அவளுக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான். இன்னமும் திட்டுகிறாரா, இல்லை கோபம் தீர்ந்துவிட்டதா? வாய்விட்டு மன்னிப்புக் கேட்பது அந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. சரியான எல்போவை அவர் கையில் வைத்துவிட வேண்டும், மூச்சு இருக்கும்போதே வைத்துவிட வேண்டும்.

கடையில் காதர் பாட்சா எழுந்து நின்றார். "முசே, ஒங்கப்பா, எப்படிம்மா இருக்காங்க?"

அவள் பையை மேசைமேல் வைத்தாள். "பாய், உள்ள பதினஞ்சு, வெளிய இருபத்தொண்ணு."

"அட, அரை இஞ்சு. அன்னைக்கே வெளி அளவுன்னு சொல்லியிருந்தீங்கன்னா..." அவள் முகத்தைப் பார்த்ததும் மீதியை விழுங்கிக்கொண்டார். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, உள்ளே விரலைச் சுழற்றி மரையைத் தடவிப் பார்த்து நீட்டினார். அடுத்ததற்குக் கையை விட்டார். ஒன்று போதும், காட்டத்தான் என்று சொல்லி, பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு அவள் ஓடினாள். பை கடையிலேயே கிடந்தது.

மூச்சு இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மண்டியிட்டு, உணர்வு இருந்த வலக்கையில் எல்போவை வைத்து விரல்களை மூடினாள்.

"அப்பா. கேன்ஸ், வேன்த்தேயன்."

கண் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கட்டைவிரல் மட்டும் நகர்ந்தது. துவாரத்துக்குள் நுழைந்து, மரையின்மேல் மெல்ல ஒரு சுற்றுப் போய் நின்றது.

"சிஸ்" என்றார்.

அறையில் எல்லோருக்கும் கேட்டது. சித்தப்பா நெஞ்சில் கைவைத்தார். "ஆறு. ஆறு மா நெலம்" என்றார் மெதுவாக.

ஆர்லெத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டில் சட்டத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள், பிறகு அதே மூச்சில் அழுதாள். ஆறு கேட்டவருக்கு ஒன்றை வாங்கி வந்திருக்கிறாள்.

பொழுது சாயும்முன் அப்பா போய்விட்டார். கையில் செபமாலை சுற்றுவதற்காக விரல்களைப் பிரித்து அந்த எல்போவை எடுக்க வேண்டியிருந்தது. அவள் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் கல்லறையிலிருந்து திரும்பும் வழியெல்லாம் சித்தப்பா பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கும் என்றே கேட்டுக்கொண்டு வந்தார். கடைத்தெரு முனையில் அவள் அவரை முன்னால் போகச் சொன்னாள். அடக்கத்துக்கு வந்திருந்த காதர் பாட்சா அப்போதுதான் கடைக்குத் திரும்பி கடைக் கதவுப் பலகைகளில் ஒன்றை எடுத்துவிட்டிருந்தார்.

"இன்னும் அஞ்சு குடுங்க பாய்."

அவர் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொன்றிலும் விரலை விட்டுத் தடவிப் பார்த்து ஐந்தை எடுத்து வைத்தார். ஆர்லெத் இடுப்பிலிருந்ததை எடுத்து அவற்றோடு வைத்தாள். ஒவ்வொன்றாகத் தொட்டு, வாய்க்குள்ளேயே பிரெஞ்சில் எண்ணினாள். ஆறு வந்தது.