எதிர்வீட்டு மின்விசிறி

அரசு மானியம் கிடைக்கிறது என்று என் கணவர் மொட்டைமாடியில் சோலார் போட்டார். சோதிக்க வந்த அதிகாரி மாடியைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார், மானியமும் வந்துவிட்டது. ஆனால் தெருவில் கரண்ட் போனால் எங்கள் வீட்டிலும் போனது. அந்த நேரத்தில் எங்கள் மின்சாரம் தெருக்கம்பியில் ஏறாமலிருக்க, சோலார் தானாகவே நின்றுவிடுமாம்.

"இவ்வளவு செலவு பண்ணியும் ஊரோட சேர்ந்து நாமளும் வேர்க்கணுமா?" என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் நான் என்ன பேசுவது? யாரையோ கூட்டிவந்து அந்தத் தடுப்பை எடுக்க வைத்தார்.

இன்று காலைக் காற்றில் கிளை முறிந்து மின்கம்பியில் விழுந்தது. லைன்மேனாக இருக்கும் என் தம்பி வாசலில் நின்று சொன்னான்: "அக்கா, தெருவுக்கே லைன ஆஃப் பண்ணிட்டேன். முனைக் கம்பத்துல வேலைய முடிச்சிட்டு சாப்பிட வரேன்."

தட்டு எடுத்து வைத்தேன். தலைக்கு மேல் எங்கள் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தியா, தெருவுலயே நமக்கு மட்டும்தான் காத்து," என்று இவர் காலை நீட்டிக்கொண்டார்.

அப்போது எதிர்வீட்டுக்காரி ஜன்னல் வழியே கேட்டாள்: "அக்கா, கரண்ட் வந்துடுச்சா? எங்க ஃபேன் மெதுவா சுத்துதே."

இவர் நீட்டிய காலை மடக்கி எழுந்தார். சோலார் சுவிட்சை அணைக்க மாடிக்கு ஓடினார். நான் தெருவுக்கு ஓடினேன்.

முனைக் கம்பத்தின் உச்சியில் தம்பி, கம்பியில் சிக்கிய கிளையை எடுக்கக் கை நீட்டிக்கொண்டிருந்தான்.