மாடியில் எத்தனை பேர்?

முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவர் வீட்டு மின்சார மீட்டரை எட்டிப் பார்த்தே வயிறு வளர்த்த மனுஷன் அவர். ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகியும் தெருவில் அவருக்கு மீட்டர்காரர் என்றுதான் பெயர். அவர்தான் ஓய்வு பெற்றாரே தவிர அவருடைய கண் ஓய்வு பெறவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியில் உட்காருமுன் அது மீட்டர் பெட்டியைத் தேடும். கம்பியில் கொக்கி போட்டவன், மீட்டருக்குள் காந்தம் வைத்தவன், பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்தவன் என்று எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்தவர். அதனால் உலகத்தில் எல்லோரும் எதையோ மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டியிருந்தார். அவருடைய மனைவி எதையும் மறைத்ததே இல்லை. அதுவே அவருக்கு அவ்வப்போது உறுத்தும்.

மாடி அறைக்கு வெளிநாட்டுப் பெண் ஒருத்தி குடிவந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். காலை ஏழு மணிக்குத் தலையில் மாவு ஒட்டியபடி படியேறுவாள். படுத்தால் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் எழுந்திருப்பாள். மொழியைத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டிருந்தாள். மனைவியை அக்கா என்பாள், அவரை சார் என்பாள். சார் என்று சொல்லும்போது மட்டும் அவள் கண் தரையைப் பார்க்கும். அதையும் அவர் குறித்து வைத்திருந்தார்.

வெளிநாட்டவரைக் குடிவைத்தால் அந்த விவரத்தை வீட்டுக்காரர்தான் குடியேற்ற அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதோடு விட்டார்களா? மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதிக்குள் ஒரு படிவம். 'தங்கும் இடத்தில் நேரில் பார்த்தேன், அங்கே இத்தனை பேர் இருக்கிறார்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். தவறான தகவல் தந்தால் வீட்டுக்காரர் மேல் வழக்கு என்று கீழே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அந்த ஒரு வரியை மீட்டர்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தடவையும், கழற்றிவிட்டு ஒரு தடவையும் படித்தார்.

முதல் நான்கு மாதம் ஒழுங்காகத்தான் போயிற்று. மாடிக்குப் போவார், எட்டிப் பார்ப்பார், 'ஒருவர்' என்று எழுதுவார். அதன் பிறகுதான் மாடி மீட்டர் அவரைத் தொந்தரவு செய்ய ஆரம்பித்தது.

"நீயே சொல்லு. ராத்திரி முழுக்க வேலையில இருக்கா. பகல் முழுக்கத் தூங்குறா. ஒரு ஃபேன், ஒரு லைட்டு. ஒரு நாளைக்கு ரெண்டு யூனிட் ஓடுனா அதிகம். அஞ்சு ஓடுது. அப்போ உள்ள இன்னொரு ஆள் இருக்கணுமா இல்லையா?" என்று மனைவியிடம் கேட்டார்.

மனைவி ஆயத்த ஆடைக் கம்பெனியில் பட்டன் தைக்கிற பிரிவில் வேலை பார்ப்பவள். எட்டரைக்கு வண்டி வந்துவிடும். டப்பாவை மூடிக்கொண்டே பதில் சொன்னாள்.

"உங்களுக்கு மூளை இருக்க வேண்டிய எடத்துல மீட்டர் டப்பாவ வச்சுட்டாங்க. அவ பாவம், ஒண்டிக்கட்டையா கெடந்து உழைக்கிறா. தூங்குற பொண்ணத் தட்டி எழுப்புற வேலையெல்லாம் வச்சுக்காதீங்க, சொல்லிட்டேன்."

"பேச்சுக் குரல் கேக்குது. சின்னக் குரல் ஒண்ணு."

"அவ மக. எட்டு வயசு. ஊர்ல அம்மாகிட்ட விட்டுட்டு வந்திருக்கா. போன்ல பேசுறா. இன்னும் மூணு மாசத்துல, முப்பதாந்தேதியோட அவ அனுமதி முடியுது. புதுப்பிச்சுட்டா மகளையும் கூட்டிக்கலாமாம். அதுக்குத்தான் நாளை எண்ணிக்கிட்டு இருக்கா."

போனில் பேசுகிறாள் என்பதை மனைவி போய்ப் பார்த்தாளா? பார்க்கவில்லை. அவள் சொன்னாள், இவள் நம்பினாள். கேட்டதை எழுதிக்கொண்டு போகிற உத்தியோகமா அவர் பார்த்தது? வாசலில் இரண்டு ஜோடி செருப்பு கிடக்கிறதே, அதற்கு என்ன பதில்? மகளையே மாடியில் ஒளித்து வைத்திருந்தால்? இவர் பாட்டுக்கு 'ஒருவர்' என்று எழுதி, நாளைக்கு அங்கே இரண்டு பேர் இருந்தால், தடித்த எழுத்து யார் தலையில் விழும்?

ஆக, உள்ளே பார்க்காமல் எண்ணிக்கை எழுதுவதில்லை என்று தீர்மானித்தார். மனைவி இருக்கும்போது போனால் வசவு விழும். எனவே அடுத்த மூன்று மாதமும், படிவம் எழுத வேண்டிய நாளில், கம்பெனி வண்டி தெருமுனை திரும்பும் வரை காத்திருந்தார். பிறகு படிவத்தைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் படியேறினார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு எதற்கு வேடிக்கை என்று ஒற்றை விரலால் மெதுவாகத் தட்டினார்.

கதவு திறக்கவில்லை. உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. படிக்கட்டில் மாட்டியிருந்த மாடி மீட்டரின் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு தடவை தட்டினார். கொஞ்ச நேரம் காதை வைத்துக் கேட்டார். கீழே இறங்கி வந்தார்.

அவருடைய வேலையில் இதற்கு ஒரு வழி உண்டு. ரீடிங் எடுக்கப் போகிற இடத்தில் யாரும் திறக்காவிட்டால், வாசலில் நின்று தவம் கிடக்க மாட்டார்கள். பதிவில் 'கதவு பூட்டு' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆபீஸில் போன மாதத்துக் கணக்கையே போட்டுக்கொள்வார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த இரண்டு சொல்லை அவர் எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பாரோ! 'எத்தனை பேர்' என்ற கட்டத்தில் அதையே எழுதினார். பொய்யும் இல்லை, வம்பும் இல்லை. மூன்று மாதமும் அதே கட்டத்தில் அதே இரண்டு சொல். தன் சாமர்த்தியத்தை எண்ணி அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முப்பதாம் தேதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, மாலை ஐந்து மணிக்கு, மாடிப் பெண் கீழே இறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, கவுன்டர்ல சொல்றாங்க, நான் இந்த வீட்டுல இல்லையாம். மூணு மாசமா இல்லையாம். கோப்ப மூடிட்டாங்களாம். புதுப்பிக்க முடியாது, கெளம்புன்னு சொல்றாங்க. நான் எங்க போனேன் அக்கா? இங்கதான இருக்கேன்?"

மனைவி அவளைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள். "என்ன எழுதித் தொலைச்சீங்க?"

"உள்ளதத்தான் எழுதுனேன். தட்டுனேன், தெறக்கல. கதவு பூட்டுன்னு எழுதுனேன்."

"அட கடவுளே! வீட்டுல ஆள் இல்லன்னு எழுதியிருக்கீங்க! காலைல ஏழு மணிக்கு அவ படியேறுறத தெனமும் பாத்துக்கிட்டுத்தான உக்காந்திருக்கீங்க?"

"படியில பாத்தா செல்லாது. தங்குற எடத்துல பாக்கணும். படிவத்துல இருக்கு."

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண் நின்றபடியே அவரைப் பார்த்தாள். முதல் தடவையாகத் தரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தாள். வேண்டுமென்றே செய்தான் என்று அவள் நினைக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது. அதோடு இன்னும் ஏதோ அந்தப் பார்வையில் இருந்தது. அது என்னவென்று அவரால் பிடிக்க முடியவில்லை.

மனைவி மறுநாள் லீவு போட்டு, அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, கெஞ்சி, சத்தம் போட்டு, நேரில் வந்து விசாரிக்க ஒரு அதிகாரியைச் சம்மதிக்க வைத்தாள். இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு வந்தார் அதிகாரி. நடுத்தர வயது அம்மாள். காலில் ஏதோ வலி போலிருக்கிறது, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துத்தான் படியேறினார். மீட்டர்காரரும் பின்னாலேயே ஏறினார். மூன்று மாதம் பார்க்க ஏங்கிய அறையல்லவா?

ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். சுவரில் பல் விழுந்த சிறுமியின் படம். இரண்டாவது ஜோடி செருப்பு தொழிற்சாலைக்குள் போடுகிற ரப்பர் செருப்பு. மூலையில் அவர் வீட்டுப் பழைய ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. கதவு ரப்பர் பிய்ந்துபோனது என்று ஒதுக்கி, மூன்று மாதத்துக்கு முன்பு மனைவிதான் மாடிக்கு ஏற்றிவிட்டாள். ஒரு நாளைக்கு மூன்று யூனிட் தின்கிற பூதம் அது. முப்பத்திரண்டு வருஷ அனுபவசாலிக்கு அது தோன்றவில்லை! அவருக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, ஒருவர்தான் என்ற நிம்மதியும் வந்தது. இதோடு முடிந்தது என்று நினைத்தார்.

அதிகாரி கட்டிலில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார்.

"இன்னிக்கு இருக்காங்கங்கிறது எனக்கு உதவாது. அந்த மூணு நாளும் இருந்தாங்களாங்கிறதுதான் கேள்வி. சார், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க தட்டுனப்போ உள்ள யாரும் இல்லன்னா, நீங்க எழுதுனது சரி. உங்களுக்கு ஒரு பிரச்சனையும் இல்ல. அவங்க கெளம்பணும். உள்ள ஆள் இருந்தும் நீங்க இப்படி எழுதியிருந்தா, உங்க அறிக்கை தப்பு. அவங்க கோப்பு தெறக்கும். நீங்க திங்கக்கெழம வந்து பதில் சொல்லணும். வழக்கு வரலாம்."

"உள்ள இருந்தாங்களா இல்லையான்னு தெரியாதுன்னு போட்டுக்கங்களேன்" என்றார் மீட்டர்காரர்.

"தெரியாதுன்னா, இல்லன்னுதான் அர்த்தம். வீட்டுக்காரர் சொல்றதுதான் கணக்கு." அதிகாரி அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. தட்டுனது உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு" என்றாள் அவள். "மூணு தடவையும் கேட்டுச்சு."

"கேட்டும் ஏன் தெறக்கல?"

அவள் மனைவியைப் பார்த்தாள். பிறகு சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துச் சொன்னாள்.

"அக்கா வேலைக்குப் போனதும் வர்றார். செருப்பு இல்லாம, சத்தம் இல்லாம ஏறுறார். ஒரு விரல்ல தட்டுறார். பேர் சொல்லிக் கூப்பிடல. கதவுக்குப் பக்கத்துலயே நிக்கிறார். மூச்சு கேக்குது. நான் கட்டிலத் தள்ளிக் கதவோட ஒட்டி வச்சேன். பயம்."

மீட்டர்காரருக்குக் காது இரண்டும் சூடாயிற்று. இப்படி ஒரு கணக்கு தன் பெயரில் எழுதப்படும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. ஏதாவது சொல்லுங்களேன் என்பது போல மனைவி அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சார்," என்றார் அதிகாரி. குரல் இப்போது மாறியிருந்தது. "அந்த நேரத்துல இவங்க உள்ள தனியா இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்று சொன்னால் போதும். ஆள் இருக்கிறாளோ இல்லையோ என்று சும்மா தட்டிப் பார்த்தேன் என்று சொன்னால் மனைவி ஆறுதல் அடைவாள். அறிக்கையும் சரியாகிவிடும். திங்கட்கிழமை எங்கேயும் போய் நிற்க வேண்டாம். இந்தப் பெண் மட்டும் பெட்டியைக் கட்டுவாள். அவளுக்கும் அவருக்கும் என்ன உறவு?

சுவரில் இருந்த பல் விழுந்த சிறுமியைப் பார்க்காமல் இருக்க முயன்றார். முடியவில்லை.

"தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"ஏழு மணிக்கு இவங்க மேல வந்ததப் பாத்தேன். தட்டுனப்போ ஃபேன் ஓடிக்கிட்டு இருந்துச்சு. தாழ்ப்பாள் உள்பக்கமாத்தான் போட்டிருந்துச்சு. மூணு தடவையும் இவங்க உள்ள இருந்தாங்க. தெரிஞ்சேதான் எழுதுனேன்."

அதிகாரி எழுதிக்கொண்டார். படித்துக் காட்டி, அவரிடம் கையெழுத்து வாங்கினார். கோப்பைத் திறக்கச் சொல்லிக் குறிப்பு எழுதுகிறேன், நாளைக்கே புதுப்பிக்கப் பணம் கட்டு என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். அந்தப் பெண் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மனைவி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவரை இறங்கச் சொல்லிக் கண்ணால் காட்டினாள்.

அரை மணி நேரம் கழித்துத்தான் மனைவி கீழே வந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவ தனியா இருக்கான்னு தெரிஞ்சே எதுக்குப் போனீங்க?"

"உள்ள எத்தன பேருன்னு பாக்க."

"நான் போனதுக்கப்புறம் எதுக்கு?"

"நீ இருந்தா திட்டுவியேன்னு."

"செருப்பு எதுக்குக் கழட்டுனீங்க?"

"சத்தம் கேட்டா பக்கத்து வீட்டுல பாப்பாங்க."

சொல்லச் சொல்ல அவருக்கே அது எப்படிக் கேட்கிறது என்று தெரிந்தது. எத்தனை வாசல்களில் நின்று, எத்தனை பேர் இப்படித் தடுமாறித் தடுமாறிச் சொன்னதைக் கேட்டிருப்பார்! ஒருவரையாவது நம்பியிருக்கிறாரா?

கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் மனைவி அவரிடம் எதற்கும் சாட்சி கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது, அதையும் சொல்லட்டும் என்பது போல. அவர் வாயைத் திறந்தார். சொல்வதற்கு வேறொன்றும் இருக்கவில்லை. உண்மை முழுவதையும் அவர் ஏற்கனவே சொல்லி முடித்திருந்தார்.