உபதேசியார் பார்த்த தடியங்காய்

நெல்லைச் சீமையில் ஆதாம் காலம் தொட்டு அன்றுவரை பிறந்த மனிதரில், பொறாமைக்கு இருதயத்தில் இடம் கொடாதவர் இரண்டே பேர்தான் என்றும், அவர்களில் ஒருவர் யாரென்று இன்னும் தெரியவில்லை என்றும், மற்றவர் பெயரைச் சொல்லத் தம்முடைய தாழ்மை இடம் கொடுக்கவில்லை என்றும் உபதேசியார் அப்பாத்துரை 1906-ம் வருஷம் அறுப்பின் பண்டிகைப் பிரசங்கத்தில் அறிவித்தார். அவர் அறிவித்துக்கொண்டிருக்கும்போதே, பீடத்துக்கு முன்னால் காணிக்கையாக அடுக்கியிருந்த காய்கறிகளில் ஒரு தடியங்காய், வெள்ளைப் பூசணி என்பார்களே அது, பையப் பருத்து, பக்கத்திலிருந்த வாழைத்தாரைச் சாய்த்து, தேங்காய்களை உருட்டிவிட்டு, முன்வரிசைப் பெண்களின் பாய் வரைக்கும் வந்து நின்றது. காலையில் கொண்டுவந்து வைத்தபோது அது ஒரு தண்ணீர்க் குடத்தின் அளவுதான் இருந்தது. ஆராதனை முடிந்து பார்த்தால் வாசல் வழியாக வெளியே எடுக்க முடியவில்லை. உள்ளேயே வைத்து அரிவாளால் பிளந்தார்கள். அன்றைக்குச் சபையார் கூடிச் சாப்பிட்ட அசனத்தில் மோர்க்குழம்புக்குக் குறைவில்லை. தடியங்காய் உபதேசியாரின் பக்கத்து வீட்டுக்காரர் பாக்கியசீலன் கொண்டுவந்தது. உபதேசியாருடைய காணிக்கை ஒரு சீப்பு நாட்டு வாழைப்பழம். அது கொண்டுவந்தபடியே இருந்தது.

இருவர் வீடும் டவுணில் கீழரத வீதிக்குப் பின்னால் வாகைமரச் சந்தில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்தன. வாகை மரம் எதையும் அங்கே யாரும் பார்த்ததில்லை. இருவரும் பாளையங்கோட்டையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அப்பாத்துரையிடம் கறுப்புக் கோட்டு இருந்தது, சங்கிலி போட்ட கடிகாரம் இருந்தது, சீமையிலிருந்து வந்த ஆர்மோனியம் இருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வாத்தியாரான பாக்கியசீலனிடம் இருந்தவை ஒரு முருங்கை, ஒரு பசு, பியூலா என்ற மனைவி, சாப்பிட்டவுடன் வரும் தூக்கம். தடியங்காய்க்கும் முன்னால், அந்தத் தூக்கத்தின்மேல்தான் உபதேசியாருக்கு முதன்முதலில் கண் விழுந்தது. பிரசங்கம் ஆயத்தம் பண்ணக் கண்விழித்துப் பாடுபடும் தமக்கு வராத தூக்கம், ஒன்றுமே ஆயத்தம் பண்ணாத மனுஷனுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டையோடு வருகிறதே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருமூச்சு விட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படுத்த பாக்கியசீலன் செவ்வாய்க்கிழமைதான் எழுந்தார். எழுந்து, கோயிலுக்கு மணி அடித்தாகிவிட்டதா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் சந்து நன்றாகச் சாப்பிட்டது. பாக்கியசீலன் வீட்டில் ஆள் உயரத்துக்குக் காய்த்த முருங்கைக்காயைச் சுமந்துபோய் ஊருக்குள் பங்கு வைத்தார்கள். அவருடைய பசு இரட்டைக் கன்று போட்டது. மற்ற தெருக்களில் கண் பட்டுவிடும் என்று பிள்ளைகளுக்கு மையும் பூசணிக்குச் சுண்ணாம்பும் வைத்துக்கொண்டிருந்த காலத்தில், வாகைமரச் சந்தில் கண் படவேண்டும் என்று பொருள்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். இதை முதலில் கண்டுகொண்டவள் ஆப்பம் சுட்டு விற்கும் ஷரீபா பீவி. சந்து முனையில் அவளுடைய அடுப்பைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் பாதி தம் பிரசங்கத்துக்கு வருவதில்லை என்று உபதேசியார் ஒருநாள் நினைத்துக்கொண்டே போனார். அன்றைக்கு மாவு பானையை விட்டுப் பொங்கி வழிந்தது, ஆப்பம் ஒவ்வொன்றும் முறம் அகலத்துக்கு வந்தது. மறுநாளே அடுப்பைப் பெயர்த்துக்கொண்டுவந்து அவர் வாசலுக்கு எதிரே போட்டுவிட்டாள். கீரையும் காயும் விற்கும் இசக்கித்தாய்க்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கூடையை இறக்காமலே உள்ளே குரல் கொடுப்பாள்: "உவதேசியாரய்யா, இந்தக் கத்தரிக்காயக் கொஞ்சம் பாருங்க. பாக்கியசீலனய்யா கொல்லையில காச்சது. உங்க கொல்ல மண்ணுல இப்பிடி வராதுன்னு எல்லாரும் சொல்லுதாவ." அவர் வெளியே வந்து, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்லி, பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போவார். கூடையைத் தூக்க இசக்கித்தாய்க்கு ஒரு ஆள் துணை வேண்டியிருக்கும். கத்தரிக்காய் காய்த்த கொல்லை உண்மையில் யாருடையது என்று அவளுக்கே தெரியாது.

உபதேசியார் இதையெல்லாம் ஆசீர்வாதம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு எடுத்துச் சொன்னது அவர் மனைவி இன்பமணி.

"உங்களுக்கு வயித்தெரிச்சல். அதான் அங்கன காய்க்குது."

"எனக்கா? ஏளா, பிறன் பொருள இச்சியாதேங்கிற பத்தாம் கற்பனையப் பத்தி மத்தியானம் வரைக்கும் பிரசங்கம் பண்ணுதவன் நான்."

"பண்ணுங்க. அதப் பண்ணின ஞாயித்துக்கெழமதான் அவுக மாடு ரெட்டக் கன்னு போட்டுது."

அவர் ஆணியும் சுத்தியலும் தேடி எடுத்தார். பிறகு சுவர்ப் பக்கத்து ஜன்னலுக்குச் சாக்கு அடித்தார். சாக்கு அடித்தபின் அந்தப் பக்கம் என்ன காய்க்கிறதோ என்ற யோசனை கூடிப்போய், பியூலாவின் மிளகாய்ச் செடிகள் ஓட்டுக்கு மேலே வளர்ந்தன. பேட்டையில் தங்கை வீட்டில் போய் ஒரு மாதம் இருந்து பார்த்தார். சந்தில் காய் சிறுத்தது, மாவு அடங்கியது. பேட்டையில் தங்கையின் அயல்வீட்டுக் கோழி முட்டையொன்றை இரண்டு பேர் சேர்ந்து உடைக்கவேண்டி வந்தது. கடைசியில் சந்துக்காரர்கள் வில்வண்டி கட்டிக்கொண்டுபோய், உபதேசியார் இல்லாமல் ஆத்துமாக்கள் வாடுவதாகச் சொல்லி, அவரைத் திரும்ப அழைத்துவந்தார்கள். இன்பமணி அதற்குள் ஒரு ஏற்பாடு செய்துவைத்திருந்தாள். தன் வீட்டு வெண்டை, புடலை நாற்றுகளையெல்லாம் பியூலாவிடம் கொடுத்துச் சுவருக்கு அந்தப் பக்கமே நடச் சொல்லிவிட்டாள். விளைவதில் பாதி சுவர் வழியாகத் திரும்பி வந்தது. இரவுதோறும் உபதேசியார் அந்தப் புடலங்காய்க் கூட்டைச் சாப்பிட்டுவிட்டு, கடைக் காயானாலும் பக்கத்து வீட்டுக் காய்க்கு இது எவ்வளவோ மேல் என்று சொல்லிக் கைகழுவினார்.

இப்படியே போயிருக்கும். ஆனால் 1911-ல், அந்த வட்டாரத்துக்கு ஒருவருக்குக் குருப்பட்டம் கொடுக்கப் போகிறார்கள் என்றும், அது ஒன்று அப்பாத்துரைக்கு அல்லது பாக்கியசீலனுக்கு என்றும் பாளையங்கோட்டையிலிருந்து செய்தி வந்தது. குருப்பட்டம் பெற்று ஐயர் ஆவதற்கென்றே அப்பாத்துரை கோட்டுத் தைத்திருந்தார், கடிகாரம் வாங்கியிருந்தார், இருபது வருஷமாகக் குரலைக் கனமாக வைத்துக்கொண்டிருந்தார். தாம் பெருமூச்சு விடுகிற மூச்சில் பட்டமும் அந்தப் பக்கமாகவே பருத்துப் போய்விடும் என்று அவருக்குப் பயம் வந்தது. ஒரே வழிதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுவரைச் சுற்றிக்கொண்டு பாக்கியசீலன் வீட்டுக்குப் போனார். அவர் முருங்கைக்காய்ப் புளிக்கறியோடு உட்கார்ந்திருந்தார்.

"வே பாக்கியசீலா, என் பேர்ல உமக்குப் பொறாம உண்டா?"

"சோத்து நேரத்துல என்னவே கேள்வி இது? கெடையாது."

"கொஞ்சங்கூடவா?"

"சத்தியமாக் கெடையாது வே. யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நல்லா யோசிச்சுப் பாரும். என் கடியாரம்?"

"கோயில் மணி கேக்குதுல்லா. அது போதும்."

"ஆர்மோனியம்?"

"அதுவும் கேக்குது வே," என்றார் பாக்கியசீலன், கொஞ்சம் வருத்தத்தோடு.

"கோட்டு?"

"போட்டா வேர்க்கும்லா."

உபதேசியார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு சபைக்கும் கேட்காத குரலில், கூடப் படித்த பழக்கத்துக்காகவாவது ஒரே ஒரு நாள் தம்மேல் பொறாமைப்பட்டுப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பாக்கியசீலன் நல்ல மனுஷன். கேட்டதை இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லாதவர். கையைக் கழுவிக்கொண்டு வந்து, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, நெற்றியைச் சுருக்கி, உபதேசியாரின் பாக்கியங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்க முயன்றார். நெற்றி வேர்த்தது. உதடு அசைந்தது. பிறகு குறட்டை வந்தது.

"இனிச் செவ்வாக்கெழமதான் அண்ணாச்சி," என்றாள் பியூலா. "நீங்க குடுத்த தூக்கம்லா."

தூங்குகிறவரை உபதேசியார் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் பட்டத்தைப் பற்றிய கவலை ஒரு கோடு கூட இல்லை. சவரம் செய்து இரண்டு நாளான தாடை முழுவதும் மயிர் நெருக்கமாக, கரேலென்று, ஒரே சீராக முளைத்திருந்தது. உபதேசியாருக்குத் தாடி அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வரும்; ஐயர்மாருக்குரிய தாடி தமக்கு வாய்க்கவில்லையே என்று பட்டணத்துத் தைலமெல்லாம் தேய்த்துப் பார்த்தவர். வீட்டுக்குப் போய்க் கடிகாரத்தை விரலால் அளந்து பார்த்தார். அது வளரவில்லை. ஆர்மோனியத்தில் ஒரு கட்டை கூடக் கூடவில்லை.

செவ்வாய்க்கிழமை பாளையங்கோட்டைப் பெரியவர்கள் சந்துக்கு வந்தபோது பாக்கியசீலன் அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்தார். தாடி மார்பைத் தாண்டி மடியில் கிடந்தது. வேதத்திலிருந்து அவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் அப்பாத்துரை பதில் சொன்னார், கேட்காத கேள்விக்கும் சொன்னார். பெரியவர்கள் தலையாட்டிக்கொண்டே தாடியைப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட தாடியைப் படம் போட்ட வேதப்புத்தகத்தில்தான் கண்டிருக்கிறோம் என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னார். பாக்கியசீலனிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். அவர் அதைத் திரும்பக் கேட்கச் சொன்னார். அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் அவர் பாக்கியசீலன் ஐயர் ஆனார். பட்டம் கொடுத்த அன்று அங்கியின் வால் வாசற்படி வரை நீண்டு கிடந்தது. தைத்தவன் அளவு சரியாகத்தான் எடுத்ததாகச் சாதித்தான். அவனைச் சந்துக்காரர்கள் குறை சொல்லவில்லை.

அதற்குப் பின் உபதேசியாருக்கும் ஒரு மரியாதை ஏற்பட்டது. ஏரலிலிருந்து வாழைத்தார் ஏற்றிவருகிறவர்கள் சந்தைக்குப் போகுமுன் சந்துக்குள் ஒருமுறை வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். கல்யாண வீட்டார் சமையல் தொடங்குமுன் அரிசி மூட்டையை அவர் வாசலில் கொஞ்ச நேரம் இறக்கிவைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பவிசைப் பற்றி அவர் காதில் விழும்படி பேசினார்கள். ஷரீபா பீவி முதல் ஈட்டு ஆப்பத்தைத் தினமும் அவருக்கே கொடுத்தாள். அவர் அதைத் தின்றுவிட்டுப் புளிப்புக் கொஞ்சம் தூக்கல் என்பார். பொறாமையைக் கண்டித்து அவர் பண்ணும் பிரசங்கத்துக்கு மட்டும் கோயில் நிரம்பியது. கேட்க வருகிறவர்கள் மடியில் எலுமிச்சங்காயோ தேங்காயோ கட்டிக்கொண்டு வந்து, கனத்த மடியோடு போனார்கள்.

1918-ல் விஷக்காய்ச்சல் வந்தபோது, சந்தில் வீட்டுக்கு வீடு கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்த பாக்கியசீலன் ஐயர் தாமும் படுத்தார். அந்தத் தடவை செவ்வாய்க்கிழமை எழுந்திருக்கவில்லை. அப்பாத்துரை சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, குறட்டை கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்த்து, குழந்தைபோல் அழுதார். ஜன்னல் சாக்கைத் தாமே பிடுங்கி எறிந்தார். முருங்கையைப் பார்த்தார், பசுவைப் பார்த்தார், ஒன்றும் பருக்கவில்லை. அந்த அழுகையில் பொய் இல்லை என்று இன்பமணியே சொன்னாள்.

ஆனால் அடக்கத்துக்குக் கூட்டம் வந்துவிட்டது. பாளையங்கோட்டையிலிருந்து, ஏரலிலிருந்து, பேட்டையிலிருந்து. ரதவீதிக் கடைக்காரர்கள் கடையடைத்துவிட்டு வந்தார்கள். ஷரீபா பீவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து வெளியே நின்றாள். இசக்கித்தாய் தரையில் விழுந்து அழுதாள். இவ்வளவு சனத்தை அப்பாத்துரை தம் வாழ்நாளில் ஒரு பிரசங்கத்திலும் கண்டதில்லை. குழிக்கரையில் நின்று, தமக்கும் காலஞ்சென்ற ஐயருக்கும் நடுவே பொறாமை என்ற ஒன்று ஒருகாலும் இருந்ததில்லை என்றும், 1906-ம் வருஷம் தாம் பெயர் தெரியாமல் விட்ட அந்த ஒருவர் இவரே என்றும் பேசினார். பேசப் பேசக் கூட்டம் கதறியது. அவர் நிமிர்ந்து ஒருமுறை கூட்டத்தை முழுவதுமாகப் பார்த்தார்.

பெட்டியை இறக்கினார்கள். இறங்கவில்லை. காலையில் பெட்டியை அளந்து வெட்டிய குழியில் தலைமாட்டில் ஒரு முழம் இடித்தது. குழி வெட்டுகிற பூதத்தான் மண்வெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். "உவதேசியாரய்யா பேசுதாவன்னு சொன்னாவ, அதான் போவாம நின்னேன்," என்று சொல்லிவிட்டுக் குழிக்குள் இறங்கினான். வெட்டி முடிக்கும்வரை கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே நிற்கும்படி அப்பாத்துரையைக் கேட்டுக்கொண்டார்கள். அவர் போய் நின்றார்.