கேரளாவுக்குப் போன காரணம்

1
ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு கோடிட்ட இடத்திலிருந்து பிறந்தது. கேரள லாட்டரியில் பரிசு விழுந்த வெளிமாநிலத்தார், எதற்காகக் கேரளாவுக்கு வந்தோம் என்று எழுதி, நோட்டரி கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். ஊரிலேயே உட்கார்ந்து திருட்டுத்தனமாக வாங்கிய சீட்டென்றால் அந்த இடத்தை நிரப்ப ஒரு கதை வேண்டும். கதை வேண்டுமென்றால் நான் சும்மா இருப்பேனா?

2
தொடக்கம் ஒன்று: ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே, பால்கோவாக் கடை மாடியில்... (வேண்டாம். கதை இனித்துவிடும்.)

தொடக்கம் இரண்டு: டைப்பிஸ்ட் மெகராஜ் பேகம் நீட்டிய தாளை, ராஜபாளையத்திலிருந்து வந்த ஏசுவடியான் வாசித்தார். ‘ஏசுவடியான் ஆகிய நான், மாலை போட்டு இருமுடி கட்டிச் சபரிமலைக்குச் சென்றபோது...’

“யம்மா, நான் வேதக்காரன்லா?”

மெகராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இதற்கு முன் வந்த ஏழு பேரையும் மலையேற்றி அனுப்பியிருந்தாள். அந்தத் தாளிலேயே இன்று பெயரை மட்டும் மாற்றிவிட்டாள்.

“அப்ப குத்தாலத்துக்குக் குளிக்கப் போனேன்னு போடட்டா, அண்ணாச்சி?”

“குத்தாலம் நம்ம பக்கம்லா இருக்கு!”

3
(அடிக்குறிப்பாகப் போட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள், அதனால் இங்கேயே.) 1968இல் நம் அரசே லாட்டரி நடத்தத் தொடங்கியது. இடையில் நிறுத்தி, மறுபடி தொடங்கி, 2003இல் எல்லா லாட்டரிக்கும் தடை போட்டது. கேரளம் அறுபத்தேழிலிருந்து இன்றுவரை விற்கிறது. காருண்யா என்று ஒரு சீட்டு; அந்த வருமானத்தில் ஏழைகளின் வைத்தியத்துக்கு உதவினார்கள். மலைக்கு அந்தப் பக்கம் அது பொதுநிதி, இந்தப் பக்கம் குற்றம்.

ஏசுவடியானிடம் இருப்பது காருண்யாதான். விற்றவர் கருத்தப்பாண்டி. ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டில் லாட்டரிக் கடை வைத்திருந்தவர், இப்போது ஏசுவடியானோடு மில்லில் பேண்டேஜ் துணி மடிக்கிறார்.

4
பரிசுச் சீட்டைக் கேரளாவில் கொடுக்க நாளையோடு கெடு முடிகிறது. மத்தியான ரயிலை விட்டால் சீட்டு வெறும் காகிதம். மனைவி ஏசம்மாளுக்கு இதய வால்வு மாற்ற அந்தப் பரிசை விட்டால் வேறு வழி கிடையாது. இத்தனை நாளும் இந்த மனிதர் பொய் சொல்ல மனம் வராமல் கடத்திவிட்டார்.

“‘உண்மை என உறுதி கூறுகிறேன்’னு கடைசியில இருக்கே. அதுல கையெழுத்துப் போட்டுட்டு, அவ தலையில கை வச்சு எப்படி ஜெபம் பண்ணுவேன்?”

“கருத்தப்பாண்டி வித்தார்னு உள்ளதை எழுதட்டா?”

“ஐயோ, அவன் உள்ள போயிருவானே!”

(எனக்கே எரிச்சல் வருகிறது. போட்டுத் தொலையுமய்யா! ஆனால் இவர் போட்டுவிட்டால் அப்புறம் இவர்...)

கீழேயிருந்து குரல் வந்தது. “நோட்டரி சார் சாப்பாட்டுக்குக் கிளம்பிட்டாரு!”

5
“யம்மா, இப்ப நான் கேரளாவுக்குத்தானே போறேன்? அதையே எழுது. ஏசம்மா உசுருக்காகச் செல்கிறேன்னு போடு. அதுல பொய்யில்ல.”

“சீட்டு வாங்கினப்ப ஏன் போனீயன்னுதான் அவிய கேக்காவ. ‘சென்றேன்’னு இல்லாட்டி திருப்பி அனுப்பிருவாவ, அண்ணாச்சி.”

அவருடைய போன் அடித்தது. ஏசம்மாளின் குரல் மூச்சிரைப்போடு வந்தது.

“ரயில் ஏறிட்டீயளா?”

“ஏறிட்டேன், ஏசம்மா. நீ மாத்திரையைப் போடு.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. மெகராஜ் தலையைத் தூக்கவில்லை. சென்றேனா, செல்கிறேனா என்ற அந்த ஒரு சொல்லில் நடுவை மட்டும் விட்டுவிட்டு மீதியை அடித்து முடித்தாள்.

6
மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன், மூன்றையும் கிழித்தேன். கீழே நோட்டரியின் பைக் ஸ்டார்ட் ஆகிவிட்டது. தாள் மேசைமேல் இருக்கிறது. பேனா உங்கள் பக்கம்.

‘என் மனைவி ஏசம்மாளின் உயிருக்காகக் கேரளாவுக்குச் செ........றேன். இது உண்மை என உறுதி கூறுகிறேன்.’