பார்த்தாச்சு

ஆந்தை எழுதிய கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் முதல் நாளே ஒழுங்காக ஓடியது. வினையே அதில்தான் வந்தது.

ஆபீஸில் அவனுக்கு ஆந்தை என்று பெயர். எந்நேரமும் விழித்திருப்பவன் என்ற மரியாதையில் வைத்தது. பகலில் கண் தெரியாதவன் என்று கேலி செய்தவர்களும் உண்டு. அந்தப் பார்சல் கம்பெனியின் சர்வர்களில் எதற்காவது உடம்பு முடியாமல் போனால் அவன் போனுக்கும் மேனேஜர் போனுக்கும் அலர்ட் வரும். 'பார்த்தாச்சு' என்ற பட்டனை அமுக்கினால் சத்தம் அடங்கும். யாரோ கவனிக்கிறார்கள் என்று சிஸ்டமும் நம்பிவிடும். வருகிற அலர்ட்டையெல்லாம் ஒரு கோப்பில் சேர்த்துவைத்து, எது நிஜம், எது வெறும் கூச்சல் என்று அலசத்தான் அவன் ஸ்கிரிப்ட் எழுதினான். அலர்ட்டைக் கோப்பில் போட்ட கையோடு 'பார்த்தாச்சு'வையும் அதுவே அமுக்கிவிடும்படி, சோதனைக்கு ஒரு வரி சேர்த்திருந்தான். அதை எடுக்க மறந்துபோனான்.

அன்று காலை ஆபீஸில் அப்படியொரு அமைதி. மேனேஜர் வெகுநாள் கழித்து டீயைச் சூடாகக் குடித்தார். கீழே குடோனில், விலாச லேபிள் அடிக்கும் சர்வரின் டிஸ்க் நிரம்பி, பிரிண்டர்கள் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டிருந்தன. அந்த அலர்ட்டையும் ஸ்கிரிப்ட் பத்திரமாகக் கோப்பில் போட்டு, பார்த்தாச்சு என்று சொல்லிவிட்டது.

மதியம் குடோன் சூப்பர்வைசர் அம்மா, இடுப்பில் ஒரு பெட்டியும் கக்கத்தில் ஒரு பெட்டியுமாக மாடியேறி வந்தார். ஒன்றிலும் விலாசம் இல்லை. இரண்டையும் அவன் மேஜைமேல் வைத்தார்.

"எந்த ஊருக்குன்னு நீங்களே மோந்து பாத்துச் சொல்லுங்க தம்பி. கீழ இன்னும் மலை மாதிரி கெடக்கு."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது.

இவ்வளவு பாடும் வீட்டுக்காகத்தான். பேங்கில் வேலை பார்க்கும் அவன் மனைவிக்குப் பதவி உயர்வு வந்திருந்தது, வேறு ஊருக்கு மாற்றலோடு. மகளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாளோ என்று அவனுக்குப் பயம். பாதி அலர்ட் வெறும் கூச்சல் என்று நிரூபித்து நிறுத்திவிட்டால் போன் கத்துவது குறையும், அவனும் வீட்டில் ஒரு மனுஷனாக உட்கார்ந்திருப்பான், அவளும் போகமாட்டாள். இதுதான் அவன் போட்ட கணக்கு. எதையெல்லாம் நிறுத்தலாம் என்று மேனேஜரிடம் கேட்டான். எல்லாமே முக்கியம்தான், ஆனால் இவ்வளவு தேவையில்லைதான், பார்க்கலாம் என்றார் அவர். வீட்டிலும் அதே கதை. முடிவு பண்ணிவிட்டாயா என்று கேட்டால், முதலில் "யோசிக்கிறேன்" என்றாள். பிறகு "உங்களுக்குத் தெரியாதா?" என்று திருப்பிக் கேட்க ஆரம்பித்தாள்.

எடுக்க மறந்த அந்தச் சோதனை வரியை நீக்கினான். இனி ஸ்கிரிப்ட் பார்க்கும், எதையும் தொடாது. போகிற போக்கில், 'பார்த்தாச்சு'வை யார், எவ்வளவு சீக்கிரம் அமுக்கினார்கள் என்பதையும் குறித்துவைக்கச் சொன்னான். மேனேஜரை மாட்டிவைக்கலாம் என்றொரு நப்பாசை.

சில வாரம் ஓடவிட்டு, சேர்ந்ததை விரித்துப் பார்த்தான். பெரும்பாலானவை அவன் நினைத்தபடி வெறும் கூச்சல்தான். ஆனால் மாட்டிக்கொண்டது மேனேஜர் அல்ல. எந்த அலர்ட் வந்தாலும், முதல் வார்த்தையைப் படித்து முடிப்பதற்குள் அமுக்கியிருந்தது அவன்தான். சாப்பிடும்போது, மகளுக்குத் தலை பின்னும்போது, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு. சிஸ்டத்தின் பழைய பதிவுகளைத் தோண்டினான். குடோன் டிஸ்க் நிரம்பப்போகிறது என்று, அது நிரம்புவதற்கு முன்பே பல நாளாக அலர்ட் வந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் பார்த்தாச்சு, பார்த்தாச்சு. ஸ்கிரிப்ட் ஒருநாள் செய்த காரியத்தை அவன் கட்டைவிரல் வருஷக்கணக்கில் செய்துகொண்டிருந்தது. ஸ்கிரிப்டுக்குச் சம்பளம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் போனைச் செருப்பு ஸ்டாண்டில் வைத்தான். உள்ளே கட்டில்மேல் பெட்டி ஒன்று வாய் திறந்து கிடந்தது. அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தான்.

"போறதா முடிவு பண்ணிட்டியா?"

வழக்கமான எதிர்க்கேள்வி அவள் வாய்வரை வந்துவிட்டது போலிருந்தது. பிறகு அவன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் காலியாக இருந்தன.

"போறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். போன மாசம் நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது சொன்னேன். சரின்னீங்க."

அவனுக்குத் தட்டு நினைவிருந்தது. போன் நினைவிருந்தது. அவள் பேசியது எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

அவள் இன்னொரு சட்டையை எடுத்து உதறினாள். அவனுடையது.

"நீங்களும் கூட வர்றீங்களான்னு கேட்டேன். அதுக்கும் சரின்னுதான் சொன்னீங்க. அதான் உங்க துணியையும் சேத்து மடிக்கிறேன்."