ஆயில் மாற்றும் நேரத்துப் பேச்சு

ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்குச் சக்கரம் விற்பதும் ஒரு பிழைப்பா என்று கேட்கலாம். அதற்கும் ஒரு கம்பெனி இருந்தது, அந்தக் கம்பெனிக்கு ஒரு விற்பனைப் பிரதிநிதி இருந்தார், அவருக்கு ஒரு கார் இருந்தது. கார் கம்பெனியுடையது. ஊர் ஊராகப் போய், எந்தக் கட்டில் கிறீச்சிடுகிறது, எந்தத் தள்ளுவண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்று குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, ஏதாவது ஒரு விடுதி அறையில் போய்ப் படுப்பது அவர் வேலை. அவரிடம் யார் வாயைத் திறந்தாலும் சக்கரத்தைப் பற்றித்தான் பேசுவார்கள்.

வீட்டில் யாரும் இல்லை. மகளுக்குக் குழந்தை பிறந்ததும் கூடமாட ஒத்தாசைக்கென்று கடல் தாண்டிப் போன மனைவி திரும்பி வரவில்லை. சண்டையா என்றால் அதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானம் பேசவாவது வழி இருந்திருக்கும். பல் முளைக்கட்டும், நடக்கட்டும், பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு வருகிறேன் என்று நாளைத் தள்ளிக்கொண்டே போனாள். போனில் முகம் காட்டுவாள். இவர் பேச ஆரம்பிப்பதற்குள் பேத்தி அதைப் பிடுங்கிக் கூரையைக் காட்டுவாள். அந்த வீட்டுக் கூரை மனிதருக்கு மனப்பாடம்.

இவ்வளவு ஓடுகிற காருக்கு அடிக்கடி ஆயில் மாற்ற வேண்டும். நின்ற நிலையில் ஆயில் மாற்றித் தரும் எந்தக் கடையிலும் நீட்டலாம் என்று கம்பெனி ஒரு அட்டை கொடுத்திருந்தது. அட்டையைப் பார்த்துப் பார்த்துக் கடைக்காரர்கள் அவரைக் 'கம்பெனி சார்' என்றே கூப்பிட்டார்கள். முதலில் வழியில் கண்ட கடையில் நுழைந்துகொண்டிருந்தவர், பிறகு ஒரே ஒரு கடைக்கு மட்டும் சுற்றுவழியில் போக ஆரம்பித்தார். அந்தக் கடையின் குழிக்குள் நின்று வேலை செய்த ஆள்தான் அதற்குக் காரணம்.

இந்தக் கடைகளில் காரை விட்டு இறங்க விடமாட்டார்கள். நீளமான குழியின் இரண்டு பக்கமும் சக்கரங்கள் நிற்க, ஓட்டி வந்தவர் இருக்கையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். குழிக்குள் இருப்பவர் பழைய ஆயிலை இறக்கி ஃபில்டரைக் கழற்றுவார். மேலே இருப்பவர் பானெட்டைத் திறந்து புது ஆயில் ஊற்றுவார். ஒருவர் செய்வது மற்றவர் கண்ணில் படாது என்பதால் ஒவ்வொன்றையும் கத்திச் சொல்ல வேண்டும். "போல்ட் இறுக்கியாச்சு!" என்று கீழே இருந்து வரும். "இறுக்கியாச்சு!" என்று மேலே இருப்பவர் திருப்பிச் சொல்வார். "பழைய வளையம் வந்தாச்சு!" என்றால், ஃபில்டரின் வாயில் இருக்கும் ரப்பர் வளையம் என்ஜினோடு ஒட்டிக்கொள்ளாமல் கழன்று வந்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கத்தாமல் புது ஃபில்டரைத் தொடக் கூடாது என்பது கடையின் சட்டம்.

இந்தக் கத்தல்களுக்கு நடுவே கீழே இருந்தவர் பேச்சும் கொடுப்பார்.

"சாப்டீங்களா சார்?"

"ஆச்சு. நீங்க?"

"எங்க சார், வண்டி வரிசையா நிக்குது. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

வீட்டில் எல்லாரும் சௌக்கியமா! வேறு யாராவது அவரை அப்படிக் கேட்டு எத்தனை காலமாயிற்று. மனிதர் பூரித்துப் போய்விட்டார். அந்த ஆளின் முகத்தைப் பார்த்ததில்லை. கொஞ்சம் கரகரப்பான, அவசரமில்லாத குரல் மட்டும் தெரியும். பேத்தியின் முதல் பல், மனைவியின் மூட்டுவலி, விடுதிக் கட்டிலில் படுத்துப் படுத்துத் தன் முதுகு பட்ட பாடு எல்லாவற்றையும் ஜன்னல் வழியே குழிக்குள் இறக்கினார். கீழே இருந்து "அடடே" வரும், "அதெல்லாம் சரியாயிடும் சார்" வரும். அடுத்த தடவை என்ன சொல்லலாம் என்று நெடுஞ்சாலையில் போகும்போதே யோசித்து வைத்துக்கொள்வார். கேட்கப் பாவமாகத்தான் இருக்கிறது. பேச ஆளில்லாதவனுக்கு வெட்கமும் கொஞ்சம் குறைந்துதான் போகிறது.

ஒருநாள் காலையில் மனைவி கூப்பிட்டாள். பேத்தி தூங்கிவிட்டாள் போலிருக்கிறது, முகம் நன்றாகத் தெரிந்தது.

"நான் இங்கயே இருந்துடலாம்னு பாக்கறேங்க. அதுக்கு எழுதியும் போட்டாச்சு. லீவு கிடைக்கறப்ப நீங்க வந்து பாத்துட்டுப் போங்க."

வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டுமாம். கட்டின புருஷனுக்கு விருந்தாளி மரியாதை. "சரி, பாக்கலாம்" என்று வைத்துவிட்டார். அன்று போக வேண்டிய ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கார் தானாக அந்தக் கடைக்கு வந்து நின்றது என்றுதான் சொல்ல வேண்டும்.

கீழே ஃபில்டர் கழலும் சத்தம் கேட்டது. அவருக்குப் பொறுக்க முடியவில்லை.

"என் வீட்டுக்காரி இனிமே வரமாட்டாளாம்" என்றார்.

கீழே சத்தம் நின்றது. "என்ன சார் சொல்றீங்க?"

"அங்கயே இருந்துடறாளாம்."

"அடப் பாவமே. மனசை விட்டுடாதீங்க சார். இப்ப அப்படித்தான் தோணும். நாளாக நாளாக வந்துடுவாங்க."

மேலே ஆயில் டப்பாவோடு நின்றவருக்கும் காதில் விழுந்துவிட்டது. சங்கடப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வளையத்தைப் பற்றி அன்று கீழேயும் யாரும் கத்தவில்லை, மேலேயும் யாரும் கேட்கவில்லை.

நெடுஞ்சாலையில் பாதி தூரம் போனதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. உடனே ஓரம் கட்டினார். அதற்குள் என்ஜின் ஒரு முனகல் முனகி நின்றுவிட்டது. வந்த வழியெல்லாம் ஆயில் கோடு போட்டிருந்தது.

இழுத்துக்கொண்டு வந்த காரைக் கம்பெனியின் மெக்கானிக் திறந்து பார்த்தார். ஃபில்டரைக் கழற்றி அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பாருங்க சார், ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு வளையம். பழசு என்ஜின்ல ஒட்டிட்டு இருக்கறதைப் பாக்காமலே புதுசை மாட்டியிருக்கான். அழுத்தம் ஏறினதும் பிதுங்கி எல்லா ஆயிலும் வெளிய போயிடுச்சு. கம்பெனி கேட்டா என்ஜினுக்குக் கடைக்காரன்தான் பொறுப்பு. மாட்டினவனைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிடுவாங்க."

கம்பெனி சாருக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. சந்தோஷம் வந்தது, அதை என்னவென்று சொல்வது? தன் கஷ்டத்தைக் கேட்டு ஒரு மனிதன் கை வேலையையே மறந்திருக்கிறான். பெற்ற மகள்கூட இவர் பேசும்போது பாத்திரம் கழுவுவதை நிறுத்தியதில்லை.

வண்டிப் பிரிவு அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"கடையிலதானே மாட்டினாங்க?"

"கடையில சரியாத்தான் மேடம் மாட்டினாங்க. வழியில ஏதோ சத்தம் வர்ற மாதிரி இருந்துச்சு. நான்தான் புது ஃபில்டர் ஒண்ணு வாங்கி மாத்திப் போட்டேன்."

"நீங்களா?"

வீட்டில் பல்பு மாற்றவே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மனிதர் அவர். "நான்தான்" என்றார்.

"யோசிச்சுச் சொல்லுங்க. கம்பெனி வண்டில கை வச்சா வண்டியைப் பிடுங்கிடுவாங்க. வெளியூர் வேலையும் போயிடும். கடைக்காரங்க தப்புன்னா உங்களுக்கு ஒரு குறையும் வராது."

"என் தப்புதான் மேடம்."

காரைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஜன்னலில்லாத பின்னறையில் ஒரு நாற்காலியும் ஒரு போனும் கொடுத்தார்கள். சக்கரம் சுற்றவில்லை என்று திட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்வது இனி அவர் வேலை. போன் அடிக்காத நேரத்தில் அந்த அறையில் தன் மூச்சே தனக்குக் கேட்டது. ஆனாலும், எங்கோ ஒரு குழிக்குள் தனக்கென்று ஒருவன் இருக்கிறான் என்ற நினைப்பு அவரைத் தாங்கிப் பிடித்தது.

விடுமுறை நாளில் பஸ் பிடித்து அந்தக் கடைக்குப் போனார். செய்ததைச் சொல்லிக்காட்ட அல்ல. முகத்தைப் பார்க்க வேண்டும், ஒரு காபி வாங்கிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். காரில்லாமல் வந்து நின்றவரை எங்கே நிற்கச் சொல்வதென்று கடையில் யாருக்கும் தெரியவில்லை. குழியின் படிக்கட்டு ஓரமாக நின்றார். கொஞ்ச நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டே ஒருவர் மேலே ஏறி வந்தார். இவர் நினைத்ததைவிடக் குள்ளம், வயதும் குறைவு.

"நான்தாங்க, கம்பெனி சார்."

"எந்தக் கம்பெனி சார்? இங்க பாதிப்பேர் கம்பெனி வண்டிதானே."

"என் வீட்டுக்காரி... வெளிநாட்டுல... அன்னிக்குச் சொன்னேனே."

அவர் முகத்தில் ஒரு சங்கடச் சிரிப்பு வந்தது. "தப்பா நினைச்சுக்காதீங்க சார். பேசிட்டே இருக்கணும்னு எங்க முதலாளி உத்தரவு. பேசினா காத்திருக்கறது தெரியாதாம். எல்லாரும் ஏதாவது சொல்வாங்க, அடுத்த வண்டி வந்ததும் மறந்துடும். ஆனா வண்டியை மறக்க மாட்டேன். எது உங்க வண்டி?"

"சாம்பல் கலர்."

"கலர் எனக்கெங்க சார் தெரியும்? அடிப்பக்கம் எப்படி இருக்கும்?"

தன் காரின் அடிப்பக்கத்தை இவர் எங்கே கண்டார். தடுமாறினார். "ஒரு தடவை கல்லு மேல ஏத்திட்டேன். அடியில எங்கயோ நசுங்கியிருக்கும்."

"ஆயில் தொட்டி பக்கத்துல, இடது கைப்பக்கம்! அட, அந்த வண்டியா!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆயில் கையென்றும் பாராமல் இவருடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நாளாக் காணோமேன்னு பாத்தேன் சார். எப்படி இருக்கு? நல்லா ஓடுதா?"

கையை விடுவித்துக்கொள்ள இவருக்கு மனம் வரவில்லை.

"நல்லா ஓடுதுங்க" என்றார்.